கெல்டன் வேன் சுசீலாதேவி

இரத்தோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே காலை ஆறு முப்பத்தைந்துக்கு ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் மூன்று மொழிகளிலும் 'கெல்டன்' என்று சிவப்பு எழுத்து ஒட்டியிருக்கும். ஆறு நாற்பத்தைந்துக்கு அந்த இடத்தில் வேன் இருக்காது. ஏற வேண்டியவர் வீதியைக் கடந்து ஓடி வந்தாலும் சரி, கையைத் தூக்கிக் கத்தினாலும் சரி, அது கிளம்பிவிடும். கல்யாணமாகி இரத்தோட்டைக்கு வந்த புதிதில் இரண்டு நாள் நான் அப்படி வீதியோரத்தில் நின்று அதன் பின்புறத்தைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் முன்னதாகவே போய் ஏறி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தேன்.

வேனை ஓட்டுவது ஒரு பெண் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். ஒருத்தருக்கு நின்னா பதின்மூணு பேரு லேட்டாகணும். அங்க கச்சேரியில பிந்திப் போனவங்களுக்கு வரவுக் கொப்பியில சிவப்புக் கோடு போட்டா எல்லாரும் என்னையத்தான் ஏசுவாங்க."

அவர்தான் சுசீலாதேவி. இது நடந்து பதினொரு வருடமாகிறது. அந்த முன் இருக்கையை நான் இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. என் பெயர் சிவதர்ஷினி. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு இலிகிதராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நானும் மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில்தான் வேலை செய்கிறேன். ஆட்களின் பெயர்களைப் படிவங்களில் ஏற்றுவதும், ஏற்றியது பிழை என்று திருத்துவதும், திருத்தியதை மறுபடி திருத்துவதுமாக என் காலம் போகிறது. பெயரைப் பற்றி எனக்குத் தெரியாத விசயம் இல்லை என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. அதைக் கழற்றியவர் இந்த அக்கா என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சுசீலாதேவி பிறந்தது இரத்தோட்டைக்கு மேலே உள்ள கெல்டன் தோட்டத்தில். ஆபீஸ் பலகையில்தான் அதற்குக் கெல்டன் என்று பெயர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களுக்கு அது கல்லுமலைத் தோட்டம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொஞ்சக் காலம் கொழுந்து பறித்தார். பிறகு தர்மராஜாவைக் கட்டினார். தர்மராஜா அண்ணன் மரக்கறி லொறி ஓட்டுகிறவர், வாரத்துக்கு நாலு தடவை தம்புள்ளைக்குப் போய் வருவார். கல்யாணமான புதிதில் அவரோடு லொறியில் ஏறிப் போன பெண், ஆறு மாதத்தில் அவரை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுத் தானே ஓட்டத் தொடங்கிவிட்டார். நாவுலையில் பொலிஸ்காரர் மறித்து லைசென்ஸ் கேட்டபோது இல்லை. அன்று கட்டிய தண்டத்தில் ரோசம் வந்து, கனரக வாகன லைசென்ஸே எடுத்துவிட்டார். மாத்தளை மாவட்டத்தில் அந்த வருடம் அந்த லைசென்ஸ் எடுத்த பெண் தான் மட்டும்தான் என்பார். நான் சரிபார்க்கவில்லை.

வேனில் ஒட்டியிருக்கும் பெயர் தோட்டத்தின் பெயர் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். நம் ஆட்கள் கடைக்கும் பஸ்ஸுக்கும் ஊர்ப் பெயர் வைப்பது வழக்கம்தானே. ஒருநாள் வாகன வரிப்பத்திரத்துக்காக அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தபோதுதான் விசயம் தெரிந்தது. 'சுசீலாதேவி கெல்டன்' என்று இருந்தது. பிறப்புச் சான்றிதழிலும் அப்படித்தான். அவருடைய அண்ணனுக்கும் அக்காவுக்கும் அந்தப் பெயர் இல்லை. அவர்களுக்கு எல்லாரையும் போல அப்பாவின் பெயர், செங்கோடன். இவருக்கு மட்டும் கெல்டன்.

"இதெப்படி அக்கா?" என்று கேட்டேன்.

"அதக் கேக்காதீங்க மிஸ்" என்றார். அவ்வளவுதான்.

அதை அவரே சொல்ல இரண்டு வருடம் ஆனது. ஒரு மாரிக்காலத்து மாலையில் பாதைக்குக் குறுக்கே மரம் விழுந்து, இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றுவிட்டன. மற்றவர்கள் இறங்கி நடந்து போனார்கள். நானும் அவரும் மட்டும் வேனில் இருந்தோம். கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருடைய அம்மா பூவாயி, துரையின் பங்களாவில் மரக்கறித் தோட்டம் கொத்தப் போனவர். சுசீலாதேவி பிறந்தது எழுபத்து மூன்றாம் வருடம். தோட்டத்தின் கடைசி வெள்ளைத் துரை சீமைக்குப் போனதும் அதே வருடம். பிள்ளை கொஞ்சம் வெளுப்பு. மூன்று பிள்ளைகளில் இதற்கு மட்டும் வெள்ளைக்காரப் பெயர். லயத்தில் பேசுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும். குழாயடியில் சண்டை வந்தால் முதலில் வந்து விழுவது 'துரை வீட்டு மக' என்ற சொல்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தத் துரையின் பெயர் கெல்டனே இல்லை. கெல்டன் என்பது நூற்றைம்பது வருடத்துக்கு முன் காட்டை வெட்டித் தோட்டம் போட்டவனின் குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தில் யாரும் இந்த நூற்றாண்டிலோ போன நூற்றாண்டிலோ அங்கே வாழவில்லை. இதை நான் சொன்னேன். சொல்லி என்ன பயன், ஊர்வாய்க்கு அத்தாட்சிப் பத்திரம் தேவையில்லையே.

"எங்கப்பா என்னைய ஒரு தடவதான் அடிச்சிருக்காரு மிஸ்" என்றார் சுசீலாதேவி. "அஞ்சாம் வகுப்புல. எல்லாரும் கேலி பண்றாங்கன்னு கொப்பியில அந்தப் பேர மட்டும் பிளேடால சுரண்டிட்டேன். அதப் பாத்துட்டு அறைஞ்சாரு. 'ஒன் முழுப் பேர எழுது, இந்தப் பேர எப்பவும் விடாதே'ன்னாரு. மத்தப்படி மூணு பேருலயும் எம்மேலதான் உசிரு. சம்பளத்தன்னிக்கு பிஸ்கட்டு எனக்குத்தான் முதல்ல. ஆனா அந்த அறை மட்டும் ஏன்னு எனக்கு வெளங்கல."

"கேக்கலியா?"

"எப்படிக் கேக்கிறது? நான் ஒங்களுக்குப் பொறந்தவளான்னா?"

அப்பா தொண்ணூற்று நான்கில் இறந்துபோனார். அம்மா இரண்டாயிரத்துப் பதினொன்றில். இரண்டு பேரிடமும் அவர் கேட்கவில்லை. மரத்தை வெட்டி அகற்றினார்கள். சாவியைத் திருப்பினார். அதன் பிறகு இந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை.

அப்படியானால் வேனில் ஏன் அந்தப் பெயரைப் பெரிதாக ஒட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதை யோசித்திருக்கிறேன். பின்னால் நின்று கிசுகிசுப்பதை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அந்தச் சனத்தின் முன்னாலேயே ஹாரன் அடித்துப் போகிற ஆள் அவர். வீம்பு. எனக்கு அந்த வீம்பு பிடிக்கும்.

போன வருடம் ஜூன் மாதம் வந்தது அந்த மின்னஞ்சல். வேன் சேவைக்கு மகள் லக்ஷிகா ஒரு முகநூல் பக்கம் வைத்திருக்கிறாள். அவள் மாத்தளை ஆஸ்பத்திரியில் தாதி. பக்கத்தில் இருந்த பெயரையும் அம்மாவின் படத்தையும் பார்த்துவிட்டு, ஸ்கொட்லாந்திலிருந்து மொய்ரா கெல்டன் என்ற ஒரு பெண்மணி எழுதியிருந்தார். உலகம் முழுக்க உள்ள கெல்டன்களைத் தேடிப் பதிவு செய்கிற சங்கம் ஒன்று இருக்கிறதாம், அவர் அதன் செயலாளராம். 'அன்புள்ள உறவினர் சுசீலாதேவிக்கு' என்று தொடங்கியிருந்தது கடிதம்.

கூடவே ஒரு நீளமான பட்டியலும் இணைத்திருந்தார். அடுத்த வருடம் புத்தகமாக வரப்போவது. லக்ஷிகா அச்செடுத்துக் கொடுக்க, காலையில் வேனில் நான் அதை எல்லாருக்கும் வாசித்துச் சொன்னேன். பட்டியலுக்கு மூன்று பகுதிகள். முதலாவது இடங்கள்: ஸ்கொட்லாந்தில் இரண்டு தெருக்கள் மட்டுமே உள்ள ஒரு கிராமம், கனடாவில் ரயில் நிற்காத ஒரு ரயில் நிலையம், அவுஸ்திரேலியாவில் தொண்ணூறு பேர் வசிக்கும் ஒரு சிற்றூர், இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டம். இரண்டாவது கப்பல்கள். அவை இரண்டு: ஒன்று பாய்க்கப்பல், ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் மூழ்கியது, மற்றது நிலக்கரி ஏற்றியது, பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். மூன்றாவது மனிதர்கள்.

"அக்கா, ஒங்கட பேர்ல கப்பலும் ஈக்கா?" என்றார் பின்னாலிருந்து ஹுஸ்னி. அவர் மாத்தளையில் வங்கியில் வேலை. வாய் சும்மா இருக்காது. "வேன வித்துப்போட்டுக் கப்பல ஓட்டுங்களேன்."

"ரெண்டும் இப்ப இல்லீங்களாம் தம்பி. ஒங்க பேங்குல லோன் குடுத்தா புதுசு வாங்குறேன்."

வேன் முழுக்கச் சிரித்தது. நான் மூன்றாம் பகுதியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் யாருடைய பிள்ளை, எந்தக் கிளை என்று குறிப்பு. கடைசியில் இப்படி இருந்தது: '413. சுசீலாதேவி. இரத்தோட்டை, இலங்கை. வழி: ?'

அந்தக் கேள்விக்குறியை நான் வாசிக்கவில்லை. ஆனால் தாள் என் மடியில் இருந்தது. சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அவர் கண் அதில் போனதை நான் பார்த்தேன்.

ஆகஸ்டில் பதிவுத் தபாலில் ஒரு சிறிய பெட்டி வந்தது. உள்ளே மூடியோடு ஒரு பிளாஸ்டிக் குழாய், திருப்பி அனுப்ப ஒரு உறை. குழாயில் கோடு போட்ட மட்டத்துக்கு எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணுச் சோதனை செய்து எந்தக் கிளை என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். செலவெல்லாம் சங்கத்துடையது. பிப்ரவரியில் ஏழு பேர் இலங்கைக்கு வருகிறார்கள், அதற்குள் முடிவும் வந்துவிட்டால் தோட்டத்திலேயே வைத்து ஒன்றாகக் கொண்டாடலாம் என்று மொய்ரா எழுதியிருந்தார். நல்ல மனசுக்காரிதான். ஆனால் தான் எதன்மேல் கால் வைக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெட்டியைச் சுசீலாதேவி வீட்டில் வைக்கவில்லை. வேனின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்தார், அதாவது என் முழங்காலுக்கு நேரே. வரிப்பத்திரத்தை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் குழாய் உருண்டு வந்து எட்டிப் பார்க்கும்.

"லக்ஷிகா சொல்றா, வெள்ளைக்காரக் கலப்பு இருந்தா நூத்துக்கு இத்தனைன்னு வந்துருமாம்" என்றார் ஒரு மாலை. மற்றவர்கள் இன்னும் வந்து ஏறவில்லை. "நான் எங்கப்பாவுக்குப் பொறந்தவளா இல்லையான்னு இந்தக் குழாய் சொல்லிரும் மிஸ். அம்பத்திரண்டு வருசமா ஒருத்தரும் சொல்லாதத."

"தர்மராஜா அண்ணன் என்ன சொல்றார்?"

"அவருக்கென்ன. 'எச்சில்தானே, துப்பினா துப்பு, இல்லாட்டி விடு, நான் கட்டினது ஒன்னைய'ங்கிறாரு." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். "துப்பி, லயத்துல சொன்னது நெசம்னு வந்துட்டா எங்கம்மா போயிரும். அப்பாவும் போயிருவாரு. செத்தவங்க ரெண்டு பேரையும் நான் மறுபடி சாகடிக்கணும். துப்பாம வச்சிருந்தா, பயந்துதானே துப்பல்லன்னு எனக்கே தோணுது."

நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். உத்தியோகத் தொழில் அப்படி ஆக்கிவிட்டது. ஆகவே எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன். பிறப்பைப் பதிந்தபோது கூட இருந்தவர்கள் யார்? தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்பை அந்தக் காலத்தில் தோட்ட ஆபீஸ்தான் எழுதி அனுப்பும். எழுதியவர் பெரிய கிளாக்கராக இருந்திருப்பார். அவர் இறந்து இருபது வருடமாம். துரைமார் கம்பனி போய், அரசாங்கம் வந்து, மறுபடி கம்பனி வந்து, பழைய கொப்பிகள் எங்கே போயினவென்று ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. அதையும் நான் லீவு போட்டுப் போய்க் கேட்டுப் பார்த்தேன்.

"ஒங்க அப்பா யாரோடயாவது மனசு விட்டுப் பேசுவாரா?"

"பெரியப்பாவோட பேசுவாரு. ஆனா நான் பொறக்க முந்தியே பெரியப்பாவ இந்தியாவுக்கு ஏத்திட்டாங்களே."

அதை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மலைநாட்டில் இருந்த தமிழரில் இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்த காலம் அது. ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்த அண்ணன் தம்பியில், அண்ணன் அங்கமுத்து இந்தியாவுக்கு மனு எழுதினார். தம்பி செங்கோடன் இலங்கைக்கு எழுதினார். அண்ணனுக்குப் பாஸ்போர்ட் வந்தது. எழுபத்திரண்டில் கோச்சி வண்டி ஏறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் போய்விட்டார். தம்பியின் மனுவுக்குப் பதிலே இல்லை.

லக்ஷிகா முகநூலில் தேடினாள். மூன்று வாரத்தில் கோத்தகிரியில் பெரியப்பாவின் மகன் மதியழகன் அகப்பட்டார். அவரும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை. வாட்ஸப்பில் முதல் முறை பேசியபோது அண்ணனும் தங்கையும் என்ன பேசுவதென்று தெரியாமல் அங்கே மழையா, இங்கே மழையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அப்பா எழுதிய கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று சுசீலாதேவி கேட்டதற்கு, அவர் சிரித்தாராம்.

"எல்லாம் இருக்கும்மா. அப்பாவோட பாஸ்போட்டோட பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சிருக்கோம். இங்கயும் நீ எங்கருந்து வந்தே, என்ன சாட்சின்னு கேக்குறாங்க. எப்ப எதக் கேப்பாங்கன்னு தெரியாதில்ல, அதனால ஒரு துண்டக் கூடத் தூக்கிப் போடல."

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. நாலே கால் மணி. கச்சேரிக்குப் பின்னால் வேன் நிறுத்தியிருந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் சுசீலாதேவி தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். திரையில் மடிப்புக் கோடுகளோடு ஒரு நீலக் காகிதத்தின் படம்.

"நான் வாசிச்சது சரிதானான்னு நீங்க ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க மிஸ். சத்தமா."

வாசித்தேன்.

'அன்புள்ள அண்ணனுக்கு தம்பி செங்கோடன் எழுதுவது. இங்கு நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல். பூவாயிக்கு ஐப்பசி மாதம் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. நம்ம அம்மா நெற்றி. சுசீலாதேவி என்று பேர் வைத்திருக்கிறோம். என் மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. பதில் வராத ஆட்களையும் கப்பலில் ஏற்றி விடுவார்கள் என்று இங்கே பேசிக் கொள்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. அதனால் ஒரு யோசனை செய்தேன். பெரிய கிளாக்கரிடம் போய் ஆபீஸ் போர்டில் இருக்கும் தோட்டத்துப் பேரைப் பிள்ளையின் பேரோடு சேர்த்துப் பதியும்படி கேட்டேன். முதலில் சிரித்தார். இரண்டு கோழி கொடுத்தேன். எழுதினார். பெரியதுகள் இரண்டுக்கும் இனி மாற்ற முடியாதாம். இவளுக்காவது பேரிலேயே ஊர் இருக்கட்டும். நாளைக்கு எவன் வந்து நீ எந்த ஊர் என்று கேட்டாலும் பிள்ளை பேரைச் சொன்னால் போதும். அண்ணனை ஏற்றியது போல் இவளைக் கப்பலில் ஏற்ற முடியாது.'

அதற்குப் பிறகு அரிசி விலையும், தோட்டத்தில் வேலை குறைத்ததும், ஆட்டுக்குட்டி ஒன்று செத்ததும் எழுதியிருந்தது. அதையும் வாசித்தேன்.

சுசீலாதேவி அழுதார். சத்தமில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது. துடைக்கவும் இல்லை. நானும் அழுதேன். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டு கோழியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஆபீஸ் படியில் நின்றிருப்பார் என்று நினைத்தபோது எனக்கு மனசு தாங்கவில்லை.

கொஞ்சம் கழித்து உத்தியோகத்தராக நான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். என் வாய் அப்படி.

"அக்கா, எந்தச் சட்டத்துலயும் அப்படி ஒண்ணு கெடையாது. பேர்ல ஊர் இருந்தா ஏத்த மாட்டாங்கன்னு இல்ல. ஏத்துறதுன்னா ஏத்தியிருப்பாங்க. பிறகு எண்பதுகள்ல எல்லாருக்கும் சத்தியக்கடதாசியோட பிரஜாவுரிமை குடுத்தாங்க. ஒங்க அண்ணனுக்கும் அக்காவுக்கும் அந்தப் பேர் இல்லாமலே கெடைச்சுதே."

"தெரியும் மிஸ்" என்றார். மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு கோழி நட்டம்."

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நான்தான் கேக்கல்ல."

ஹுஸ்னி வந்து ஏறினார். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, ஆச்சரியம், இரத்தோட்டை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரியில் ஏழு கெல்டன்களும் வந்தார்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். வெயிலுக்குச் சிவந்து, தொப்பி போட்டு, தண்ணீர்ப் போத்தலோடு. கண்டியிலிருந்து அவர்கள் வந்த பெரிய பஸ் இரத்தோட்டைக்கு மேலே ஏறாது. ஆகவே சுசீலாதேவிதான் தன் வேனில் ஏற்றிப் போனார். மொழிபெயர்ப்புக்கு என்னையும் கூட்டிப் போனார். கெல்டன்கள் ஏழு பேர் கெல்டன் வேனில் கெல்டன் தோட்டத்துக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரே சந்தோசம். முன்கண்ணாடியோடு ஆளுக்கு இரண்டு படம் எடுத்தார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்தச் சந்தோசம் கொஞ்சம் குறைந்து, சுசீலாதேவியின் கையைக் கவனிப்பது அதிகமானது. அவர் கறுவாப்பட்டைத் தோட்டத்தையும் மிளகுக் கொடியையும் ஒரு கையால் காட்டிக்கொண்டே மறு கையால் ஓட்டினார். வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நினைக்கிறேன்.

தோட்டத்து ஆபீஸ் முன்னால் இறங்கினோம். பழைய பலகை இன்னும் இருக்கிறது, வர்ணம் புதிது. லயத்திலிருந்து சனம் கூடிவிட்டது. 'துரை வீட்டு மக'வைத் தேடித் துரை வீட்டு ஆட்களே வந்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. சுசீலாதேவியின் காதிலும் விழுந்திருக்கும்.

மொய்ரா மெலிந்த, உயரமான பெண்மணி. அவர் சுசீலாதேவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, குழாய் வந்து சேரவில்லையே, தபாலில் தொலைந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

சுசீலாதேவி வேனுக்குப் போய், டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, குழாயை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தார். அதன் மூடி திறக்கப்படவே இல்லை.

"துப்பல்லன்னு சொல்லுங்க மிஸ். பயந்து இல்ல. இப்ப தேவப்படல்ல."

பிறகு கைபேசியை என்னிடம் தந்து, கடிதத்தை இரண்டு மொழியிலும் வாசிக்கச் சொன்னார். ஏன் இரண்டு மொழி என்று எனக்கு விளங்கியது. நான் முதலில் தமிழில்தான் வாசித்தேன், லயத்துச் சனத்துக்குக் கேட்கும்படியாக, அலுவலகத்தில் வரிசையில் நிற்பவர்களை அதட்டுகிற குரலில். கோழி வந்த இடத்தில் யாரோ சிரித்தார்கள். கப்பல் வந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கப்பலில் போன யாராவது ஒருவர் இருந்தார். அதன் பிறகு வெள்ளைக்காரர்களுக்காக ஆங்கிலத்தில் சொன்னேன்.

மொய்ரா தொப்பியைக் கழற்றினார். பிறகு தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டார். தங்கள் புத்தகத்தில் மனிதர்கள் பகுதியில் இரத்த உறவும் திருமண உறவும் மட்டுமே வரலாம் என்று விதி இருக்கிறது, ஆனாலும் குழுவிடம் பேசி விதியைத் தளர்த்தப் பார்க்கிறேன், சுசீலாதேவியின் பெயரை எடுத்துவிட மனமில்லை என்றார்.

நான் சொல்லி முடிக்குமுன்பே சுசீலாதேவி மறுத்துத் தலையாட்டினார்.

"வேணாம் மிஸ். நான் அவங்க வீட்டு ஆளு இல்ல. அவங்க வீட்டுல எனக்கு எடமும் வேணாம். அந்தப் புத்தகத்துல மொதப் பகுதி இருக்கில்ல, இந்தத் தோட்டம் இருக்கிற பகுதி, அதுல போடச் சொல்லுங்க. எங்கப்பா அங்கதான் என்னைய எழுதி வச்சாரு."

இடங்களின் பட்டியலில் ஒரு ஆளைப் போடுவதா என்று மொய்ரா கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அப்பா அம்மாவின் பெயர்களை எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டார்.

ஜூலை மாதம் புத்தகம் வந்தது. திங்கட்கிழமை காலை நான் ஏறியபோது அது என் இருக்கையில் இருந்தது, முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாக வைத்திருந்தது. மற்ற எல்லாரும் ஏறியாகிவிட்டது.

"அந்த வரிய வாசிங்க மிஸ்" என்றார் சுசீலாதேவி.

கனடாவின் ரயில் நிலையத்துக்கும் தொண்ணூறு பேர் வசிக்கும் அவுஸ்திரேலியச் சிற்றூருக்கும் அடுத்ததாக இலங்கைத் தோட்டம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. நான் தமிழில் வாசித்தேன்: 'சுசீலாதேவி கெல்டன், இரத்தோட்டை. செங்கோடனுக்கும் பூவாயிக்கும் மகள்.'

"இன்னொருக்கா."

மறுபடி வாசித்தேன். அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, நேரே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹுஸ்னி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, நேரம் பாத்தீங்களா?" என்றார்.

"இருங்க தம்பி" என்றார் சுசீலாதேவி. "மிஸ், இன்னும் ஒருக்கா."

நாங்கள் கிளம்பியபோது மணி ஆறு ஐம்பத்திரண்டு. அன்று எங்கள் பதின்மூன்று பேருக்கும் சிவப்புக் கோடு.